ஒருவர் கண்ணில் படாமல் புது ஊரில் வாழ்வது: மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கான முழுமையான வழிகாட்டி

அடிக்கிற கணவனை விட்டு வெளியேறும் பெண், பின்னாலேயே திரியும் ஒருவனிடமிருந்து தப்ப வேண்டிய பிள்ளை, சாதியோ மதமோ மாறிக் கட்டியதால் வீட்டாரே எதிரியாகிப்போன சோடி. இப்படிப்பட்டவர்களுக்காக எழுதியது இது. இவர்கள் வெளியேறும்போது உடன் நின்று பார்த்ததில் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்றுதான். முதலில் போனை எறிகிறார்கள், அப்புறம் பஸ் ஏறுகிறார்கள், ஆவணங்களைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்.

எங்கள் பக்கம் ஒருவரைக் காட்டிக்கொடுப்பவை பெரும்பாலும் பள்ளிக்கூட விடுகைப் பத்திரம், அடகுச் சீட்டு, மாமியின் ஐமோ (போனில் பேசும் செயலி), திருவிழாப் படம் போன்ற சின்னச் சின்னச் சாமான்கள். அதனால் கீழே உள்ள படிகளை இருக்கிற ஒழுங்கிலேயே செய்யுங்கள்.

1. யாரிடமிருந்து மறைகிறீர்கள் என்று முதலில் எழுதுங்கள்

ஒரு தாளில் ஒரு பெயரை எழுதுங்கள். அதற்குக் கீழே, அந்த ஆளுக்கு உங்களைப் பற்றி என்னென்ன தெரியும், யார் யாரைத் தெரியும் என்று எழுதுங்கள். போன் கடவுச்சொல், அடையாள அட்டை எண், வங்கிக் கிளை, உங்கள் அக்கா வீடு, அவருடைய கூட்டாளி பொலிஸிலோ போன் கடையிலோ வேலை செய்கிறாரா என்பது வரைக்கும் வரட்டும். எழுதி முடித்ததும் தாளை எரித்துவிடுங்கள்.

இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அரசாங்கம் உட்பட எல்லோரிடமிருந்தும் மறைவது இலங்கையில் நடக்காது. சிம், வங்கி, வேலை, வாடகை வீடு எல்லாவற்றுக்கும் தேசிய அடையாள அட்டை வேண்டும். பொய்ப் பெயரில் அட்டை எடுப்பதும் இன்னொருவர் அட்டையில் சிம் வாங்குவதும் குற்றம். அதில் மாட்டினால் உங்களைத் தேடுபவர் பக்கம் நியாயம் போய்விடும். உண்மைப் பெயரோடு, அரசுக்குத் தெரிந்தபடி, அந்த ஒருவருக்கு மட்டும் தெரியாமல் வாழ்வதுதான் இங்கே சாத்தியமானது.

அடையாள அட்டை எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய ஒன்பது இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். புதிய பன்னிரண்டு இலக்க எண்ணிலும் இதே முறைதான், ஆண்டு மட்டும் நான்கு இலக்கமாக வரும். கூட வாழ்ந்தவருக்கு இந்த எண் மனப்பாடமாகவே இருக்கும். ஆகவே பிறந்த தேதியும் அடையாள அட்டை எண்ணும் கொடுத்தால் திறக்கிற எந்தக் கதவும் அவருக்கும் திறந்த கதவுதான்.

2. கடன், சீட்டு, வழக்கு இருந்தால் நில்லுங்கள்

கடனுக்காக மறைய நினைப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி உதவாது. குழுக் கடன் எடுத்திருந்தால் நீங்கள் போன அடுத்த வாரமே குழுவில் இருக்கும் மற்றப் பெண்களின் வாசலில் ஆள் நிற்கும். சீட்டை எடுத்துவிட்டு இடையில் போனாலும் அப்படித்தான். அந்தப் பெண்கள் கோபத்தில் உங்களைத் தேடும் அளவுக்கு உங்கள் கணவர்கூடத் தேடமாட்டார்.

உயிருக்குப் பயந்து போகிறவருக்கும் கடன் இருக்கலாம். அப்போது முடிந்ததைக் கட்டுங்கள், மீதியை எப்படிக் கட்டுவீர்கள் என்று கடன் கொடுத்த இடத்துக்கு எழுத்தில் கொடுங்கள். பிணையில் இருப்பவர், நீதிமன்றத் தவணை உள்ளவர், தாபரிப்புப் பணம் கட்ட வேண்டியவர் சட்டத்தரணியைக் கேட்காமல் ஊரை விட்டு நகரவே கூடாது. பிடியாணை வந்தால் தேடுவது ஒருவரோடு நிற்காது.

3. ஆவணங்களை வீட்டிலிருந்து வெளியே எடுங்கள்

புறப்படும் நாளுக்கு வெகு முன்பே தொடங்க வேண்டிய வேலை இது. ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்தால் அலுமாரி வெறுமையாகத் தெரியும். ஒவ்வொன்றாக எடுத்து, நம்பிக்கையான ஓர் இடத்தில் வையுங்கள்.

திரும்ப எடுக்கக் கடினமானவை முதலில் போகட்டும்: அடையாள அட்டை, கடவுச்சீட்டு, காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், பிள்ளையின் தடுப்பூசி விபரம் உள்ள வளர்ச்சிப் பதிவேடு, கிளினிக் கொப்பி, பரீட்சைப் பெறுபேறுகள். பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் காசு கட்டி எடுக்கலாம், அதனால் அவை கிடைக்காவிட்டால் பதறாதீர்கள். அடையாள அட்டை தொலைந்தால்தான் பெரிய அலைச்சல். பொலிஸ் முறைப்பாடு, கிராம சேவகரின் கையொப்பம் என்று அது உங்களைப் பழைய ஊருக்கே இழுத்து வரும்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாக வந்தது, கணவன்தான் வந்து குடியேறியவன். வீட்டை விட்டுப் போனால் வீடு போய்விடும் என்ற பயத்தில் பலர் அடி வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். உறுதி உங்கள் பெயரில் இருந்தால் நீங்கள் வேறு ஊரில் இருப்பதால் அது பெயர் மாறாது. காணிப் பதிவகத்தில் உறுதியின் அத்தாட்சிப் பிரதி ஒன்று எடுத்து வையுங்கள். யாரும் கள்ளமாகக் கைமாற்றாமல் இருக்க அங்கே எதிர்ப்பறிவித்தல் பதியவும் முடியும், சட்டத்தரணி அதைச் செய்து தருவார். அரச காணி அனுமதிப்பத்திரம் என்றால் பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுத்து, முத்திரை குத்திய பிரதியை வாங்கி வையுங்கள்.

4. காயங்களுக்கும் மிரட்டலுக்கும் ஆதாரம் சேருங்கள்

போனை மாற்றுவதற்கு முன்னால் இதை முடிக்க வேண்டும். பழைய போனோடு எல்லா ஆதாரமும் போய்விட்டால் பிறகு நீதிமன்றத்தில் வாய் வார்த்தை மட்டும்தான் மிஞ்சும்.

மிரட்டல் செய்திகளைத் தேதியும் எண்ணும் தெரியும்படி போன் திரையைப் படம் (ஸ்கிரீன்ஷொட்) பிடியுங்கள், குரல் பதிவுகளை அழிக்காதீர்கள். இவற்றை ஒரு நம்பிக்கையானவரின் போனுக்கு அனுப்பி, அனுப்பிய தடத்தை உங்கள் போனில் அழியுங்கள். அடிபட்ட நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ‘வழுக்கி விழுந்தேன்’ என்று ஒருமுறை எழுதப்பட்டால் அதுதான் கோப்பில் நிற்கும். அரச வைத்தியசாலைகளில் ‘மிதுரு பியச’ என்ற பெயரில் இயங்கும் பிரிவு இப்படி வருபவர்களுக்காகவே இருக்கிறது.

5. புதிய சிம், புதிய மின்னஞ்சல், பழையதைத் தொடாமல்

தொடக்கக்காரர் அதிகம் இடறும் இடம் இது, ஆறுதலாக வாசியுங்கள்.

உங்கள் சிம் யார் பெயரில் இருக்கிறது? கல்யாணம் கட்டிய புதிதில் அவர் வாங்கிக் கொடுத்த சிம் என்றால் அவர் பெயரில்தான் இருக்கும். அப்படியானால் அவர் கடைக்குப் போய் சிம் தொலைந்துவிட்டது என்று சொல்லிப் புதியது எடுக்கலாம். அந்த நிமிடமே உங்கள் வங்கி ஓடிபி, வட்ஸ்அப் குறியீடு எல்லாம் அவர் கைக்குப் போகும். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று #132# அழுத்திப் பார்க்கலாம். தெரியாத எண் ஏதாவது இருந்தால் அதையும் இப்போதே தீர்க்கப் பாருங்கள்.

வேலையின் ஒழுங்கு இப்படி இருக்கட்டும். முதலில் உங்கள் சொந்த அடையாள அட்டையில் ஒரு புதிய சிம், வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் இல்லாமல் வேறு ஊரில் எடுங்கள். அதைப் பழைய போனில் ஒருபோதும் போடாதீர்கள். போனுக்கென்றே ஒரு தனி எண் இருக்கிறது, சிம் மாறினாலும் அது மாறாது. சாதாரண ஆள் அதைக் கொண்டு தேட முடியாதுதான், ஆனால் ‘தெரிந்த ஒருவர்’ மூலம் காரியம் பார்ப்பது எங்கள் நாட்டில் புதிதில்லை. வேறு மலிவு போன் ஒன்று போதும்.

அடுத்து அந்தப் போனில் ஒரு புதிய மின்னஞ்சல். பெயரில் பிறந்த ஆண்டோ பிள்ளையின் பெயரோ வேண்டாம். மீட்பு எண்ணாகப் புதிய சிம்மைக் கொடுங்கள். பிறகு வங்கி, மற்ற முக்கிய கணக்குகள் எல்லாவற்றையும் புதிய மின்னஞ்சலுக்கு மாற்றுவதற்கான பட்டியலை மட்டும் தயார் செய்யுங்கள். மாற்றுவது புறப்பட்ட பிறகு. மாற்றினால் பழைய மின்னஞ்சலுக்கும் பழைய எண்ணுக்கும் உடனே அறிவித்தல் போகும் என்பதுதான் காரணம்.

நாலாம் படியில் சொன்ன தடத்தைத் தவிர, பழைய போனில் இப்போதைக்கு எதையும் அழிக்காதீர்கள், எதையும் நிறுத்தாதீர்கள். கூகுள் வரைபடத்தில் உங்கள் இருப்பிடம் அவருக்குப் பகிரப்பட்டிருக்கலாம், அவருடைய கணினியில் உங்கள் வட்ஸ்அப் இணைக்கப்பட்டிருக்கலாம். வட்ஸ்அப் அமைப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற இடத்தில் பார்த்தால் தெரியும். பார்த்து வையுங்கள், ஆனால் வெட்டாதீர்கள். திடீரென்று வெட்டினால் ஏதோ நடக்கப்போகிறது என்று அவருக்கு விளங்கிவிடும். புறப்படும் வரை அந்தப் போன் வழமைபோலப் பொய் சொல்லிக்கொண்டு கிடக்கட்டும்.

6. காசு

கூட்டுக் கணக்கை விடுங்கள். வேறு வங்கியில், வேறு கிளையில், உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்குத் திறந்து புதிய சிம்மைக் கொடுங்கள். அதே வங்கியில் திறப்பது சோம்பேறித்தனம், கவுண்டரில் இருப்பவர் உங்கள் இருவரையும் அறிந்தவராக இருப்பார். வீட்டுக்குக் கடிதம் அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள்.

புறப்பட்ட பிறகு கூட்டுக் கணக்கின் அட்டையைப் பாவிக்காதீர்கள். எந்த ஊர் இயந்திரத்தில் எடுத்தீர்கள் என்பது கணக்கு விபரத்தில் விழும்.

நகை அடகில் இருந்தால் சீட்டு யார் பெயரில், எந்த முகவரியில் என்று பாருங்கள். தவணை தப்பினால் ஏல அறிவித்தல் பழைய வீட்டுக்கே வரும். மீட்க முடிந்தால் மீட்டெடுங்கள், முடியாவிட்டால் அடகு வைத்த இடத்துக்கே போய்த் தொடர்பு எண்ணை மாற்றுங்கள். வெளிநாட்டிலிருந்து தம்பியோ அக்காவோ காசு அனுப்புவதாக இருந்தால், அவர்களுக்குக் கணக்கு எண் மட்டும் போதும். ஊர் எது என்று சொல்லாதீர்கள். கட்டாரில் இருப்பவருக்குத் தெரிந்தால் அது செங்கலடிக்கு வர ஓர் அழைப்புத்தான் தேவை.

அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும பெறும் குடும்பம் என்றால், கொடுப்பனவு குடும்பத்தை வைத்து, கிராம சேவகர் பிரிவை வைத்து வருவது. பிரிந்து போனபின் தனிக் குடும்பமாகப் பதிய நேரம் எடுக்கும். முதல் மாதங்களில் அந்தக் காசை எதிர்பார்க்காமல் கணக்குப் போடுங்கள்.

7. ஊரைத் தெரிவு செய்யுங்கள்

கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், வாழைச்சேனை, வாகரை எதுவும் வேண்டாம். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் உள்ளே போய் இருந்தால் யாருக்குத் தெரியும் என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கேதான் புது முகம் முதலில் தெரியும். கரையோரம் முழுக்கக் கல்யாண உறவால் கோர்த்துக் கிடக்கிறது. ஒரு புதிய பெண் தண்ணீர் அள்ள வந்தால் ‘எந்த ஊர் மகள், ஆர்ட பிள்ளை?’ என்பதுதான் முதல் கேள்வி. அடுத்தது குடியை, அதாவது தாய்வழிக் குலத்தைக் கேட்பார்கள். இரண்டுக்கும் பதில் சொன்னால் உங்கள் சொந்தம் முழுக்க அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

கொழும்பில் வெள்ளவத்தையும் அவ்வளவு நல்லதல்ல. எங்கள் ஆட்கள் அங்கே ஆஸ்பத்திரிக்கும் விசாவுக்கும் போய் வந்தபடி இருப்பார்கள். தமிழ் புழங்குகிற, ஆனால் கிழக்குச் சொந்தம் குறைந்த பெரிய பட்டணம் ஒன்றைப் பாருங்கள்: வவுனியா, கண்டி, நீர்கொழும்பு போல. சிங்களம் ஓரளவு பேச வருமென்றால் தெரிவு இன்னும் கூடும். பெரிய பட்டணத்தில் வாடகைக்கு ஆள் வந்து போவது சாதாரணம், ஒருவரும் காரணம் கேட்பதில்லை.

அவர் தேடக்கூடிய முதல் இடங்களை ஒன்றாம் படியில் எழுதினீர்களே, அந்த ஊர்கள் எதுவும் கூடாது. அக்கா வீடு, பழைய விடுதி, படித்த ஊர், முன்பு ஒருமுறை ‘இங்கே வந்து இருந்தால் நல்லா இருக்கும்’ என்று வாய்விட்டுச் சொன்ன ஊர்.

போக இடமே இல்லை என்றால் மட்டக்களப்பில் சூர்யா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தில் பேசுங்கள். 1938 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு அழைத்தும் பாதுகாப்பு இல்லம் பற்றிக் கேட்கலாம். இல்லத்தில் சில வாரங்கள் இருந்து மூச்சு விட்டுவிட்டு ஊர் தேடுவது, நேரே தெரியாத ஊரில் இறங்குவதைவிட எவ்வளவோ மேல்.

8. ஒரே ஒருவருக்குச் சொல்லுங்கள்

ஒருவருக்கும் சொல்லாமல் போவது வீரம் போலத் தெரியும். எங்கள் மண்ணில் அது சரிவராது. பிள்ளையைக் காணவில்லை என்றால் இங்கே ஒரு தாயின் மனம் எங்கே போகும் என்று விளக்கத் தேவையில்லை. அன்று பின்னேரமே பொலிஸ், அடுத்த நாள் பேஸ்புக்கில் உங்கள் படம், ‘கண்டவர்கள் அறியத் தரவும்’ என்று நூறு பேர் பகிர்வார்கள். தேடுபவர் செய்ய வேண்டிய வேலையை உங்கள் சொந்தமே செய்து கொடுத்துவிடும்.

அந்த ஒருவர் அம்மாவாக இருக்க வேண்டாம். உங்களைத் தேடுபவர் வந்து அழுதால், பிள்ளைகளின் பெயரைச் சொன்னால், அம்மா உடைந்துவிடுவார். அவர் போய்க் கேட்கவே யோசிக்காத ஒருவரைத் தெரிவு செய்யுங்கள்: பழைய ஆசிரியை, வேலைத்தளத்துத் தோழி, சட்டத்தரணி. அவருக்கு ஊர் தெரிந்தாலும் வீட்டு முகவரி தெரியத் தேவையில்லை. ‘சுகமாக இருக்கிறாள்’ என்று அம்மாவுக்குச் சொல்ல அது போதும். அம்மாவுக்குத் தெரியாததை அம்மாவிடமிருந்து பிடுங்க முடியாது. அம்மாவுக்கும் அது ஒரு பாதுகாப்பு.

9. புறப்படும் நாள்

வழமையான நாளாக இருக்கட்டும். கிளினிக் நாள், சந்தை நாள், பிள்ளையின் வகுப்பு நாள். பெரிய பை வேண்டாம்.

இரவு ஓடும் தனியார் கொழும்பு பஸ்ஸில் ஏறாதீர்கள். நடத்துனர் பெயரும் போன் எண்ணும் கேட்டு ஆசனம் ஒதுக்குவார், பாதிப்பேர் உங்கள் ஊரவர். ரயிலில் ஆசனம் பதிவு செய்தால் அடையாள அட்டை எண் கேட்பார்கள். பதிவில்லாத பெட்டியில் சாதாரணச் சீட்டு எடுங்கள், அல்லது பகலில் இ.போ.ச. பஸ்ஸில் துண்டு துண்டாகப் போங்கள். உங்கள் ஊர்த் தரிப்பிடத்தில் ஏறாமல் இரண்டு ஊர் தள்ளி ஏறுங்கள். தெரிந்த ஓட்டோ வேண்டாம். போன் செயலியில் கூப்பிடும் வாகனமும் வேண்டாம், எங்கே இறங்கினீர்கள் என்பது கணக்கில் பதிந்து கிடக்கும்.

பழைய போனை நிறுத்தி, சிம்மை வெளியே எடுத்து, நம்பிக்கையானவரிடம் கொடுத்துவிடுங்கள். பஸ்ஸில் அதைத் திறந்து ‘கடைசியாக ஒருமுறை’ செய்தி பார்ப்பது பழக்கத்தில் எல்லோரும் செய்வது. அந்தச் சபலத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்பதற்காகத்தான் கொடுத்துவிடச் சொல்வது.

10. அன்றே அல்லது அடுத்த நாள் பொலிஸில் பதியுங்கள்

இந்தப் படியை விட்டுவிட்டால் மற்ற எல்லாப் படியும் வீண். அவர் முதலில் போய்க் ‘காணவில்லை’ என்று முறைப்பாடு கொடுத்தால் பொலிஸ் உங்களைத் தேடத் தொடங்கும். நீங்கள் வயது வந்தவர், விருப்பத்தோடு போனவர், உயிருக்குப் பயம் இருக்கிறது, முகவரியை வெளியிட வேண்டாம் என்று எழுதப்பட வேண்டும். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பிரிவில் கேளுங்கள். தமிழில் எழுதச் சொல்லுங்கள், வாசித்துப் பார்த்தபின் கையெழுத்து வையுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வன்முறை என்றால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். உங்கள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கலாம். முதலில் 14 நாள் வரை இடைக்காலக் கட்டளை, விசாரணைக்குப் பிறகு 12 மாதம் வரை முழுக் கட்டளை. தொடர்பு கொள்ளக் கூடாது, பின்தொடரக் கூடாது என்று அதில் தடை போட முடியும். தங்குமிடத்தின் இரகசியத்தைக் காக்கவும் நீதிமன்றம் சொல்லலாம். சட்டத்தரணிக்குக் காசு இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேளுங்கள்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை இன்னும் சீக்கிரம் செய்ய வேண்டும். தகப்பன் ‘பிள்ளையைக் கடத்திவிட்டாள்’ என்று எழுதினால் கதையே மாறிவிடும். பாதுகாவல் பற்றிப் புறப்படும் முன்பே சட்டத்தரணியிடம் பேசுங்கள். முஸ்லிம் திருமணம் என்றால் காழி நீதிமன்றப் பக்கமும் கேட்டு வையுங்கள்.

11. இப்போது பழைய கணக்குகளை மூடுங்கள்

பாதுகாப்பான இடத்துக்கு வந்தாயிற்று, இனித் தயார் செய்த பட்டியலை எடுங்கள். வங்கியும் மின்னஞ்சலும் முதலில், சமூக ஊடகம் கடைசியில். மீட்பு எண்ணை மாற்றாமல் பழைய சிம்மைக் கைவிட்டால் உங்கள் கணக்குக்குள் நீங்களே நுழைய முடியாது.

வட்ஸ்அப்பில் ‘எண்ணை மாற்று’ என்ற வசதியைத் தொடாதீர்கள். நீங்கள் இருக்கும் குழுக்களில் எல்லாம் எண் மாறியது என்று அதுவே அறிவித்துவிடும். பழைய கணக்கை அழித்துவிட்டு, புதிய எண்ணில் வெறுமையாகத் தொடங்குங்கள். படம், கடைசியாகப் பார்த்த நேரம், குழுவில் சேர்க்கும் உரிமை எல்லாம் தொடர்புகளுக்கு மட்டும் அல்லது யாருக்கும் இல்லை என்று வையுங்கள். பழைய தொடர்புப் பட்டியலைப் புதிய போனுக்கு மொத்தமாகக் கொண்டுவர வேண்டாம். பேஸ்புக், டிக்டொக், ஐமோ எல்லாம் அந்தப் பட்டியலை வாங்கித்தான் ‘இவரைத் தெரியுமா’ என்று ஆட்களுக்குக் காட்டுகின்றன. டெலிகிராமில் நீங்கள் சேர்ந்தால், உங்கள் எண்ணைப் போனில் வைத்திருப்பவர்களுக்கு அது சொல்லிவிடும். தேவையான நாலைந்து எண்களைக் கையால் பதியுங்கள்.

பேஸ்புக் கணக்கைத் தற்காலிகமாக நிறுத்துவது வேறு, அழிப்பது வேறு. அழிக்கச் சொன்னபின் 30 நாள் காத்திருக்கும். அதற்குள் ஒருமுறை உள்ளே போனாலும் அழிப்பை ரத்துச் செய்துகொள்ள முடியும் என்பதால், பழைய கடவுச்சொல் தெரிந்தவர் புகாமல் இருக்க முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள், மற்றச் சாதனங்களிலிருந்து வெளியேற்றுங்கள், அதன் பிறகு அழியுங்கள். உங்கள் பெயரில் யாராவது போலிக் கணக்குத் திறந்தால் பதில் எழுதப் போகாதீர்கள், திரையைப் படம் பிடித்து முறையிடுங்கள்.

12. புது ஊரில் எங்கே, எப்போது பதிவது

கிராம சேவகரிடம் போகாமல் வாழ முடியாது. பழைய பிரிவிலிருந்து கடிதம் கொண்டு வாருங்கள் என்று அவர் கேட்கக்கூடும். வெறும் கையோடு போகாமல் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியை, இருந்தால் நீதிமன்றக் கட்டளையைக் காட்டித் தனியாகப் பேசுங்கள். பழைய கிராம சேவகருக்குப் போன் போட வேண்டாம் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு விளங்கும். விளங்காவிட்டால் பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரைப் பிடியுங்கள்.

பள்ளிக்கூடம்தான் பெரிய ஓட்டை. விடுகைப் பத்திரம் எடுக்கப் பழைய பள்ளிக்குப் போனால் எந்தப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்கள் என்று கேட்பார்கள், சொன்னால் மேசையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். புதிய பள்ளி அதிபரிடம் நிலைமையைச் சொல்லி, தேவையான பத்திரத்தை வலயக் கல்வி அலுவலகம் வழியாக எடுத்துத் தரக் கேளுங்கள். கொஞ்சம் இழுபடும், பரவாயில்லை. பிள்ளையின் படத்தைப் பள்ளிப் பேஸ்புக்கில் போட வேண்டாம் என்பதையும் அன்றே எழுதிக் கொடுங்கள்.

தடுப்பூசிக்கு வளர்ச்சிப் பதிவேடு கையில் இருந்தால் புதிய பிரிவு மருத்துவமாது தொடர்ந்து பார்த்துக்கொள்வார். மாதாந்தக் கிளினிக் நோயாளி என்றால் பழைய கொப்பியைக் காட்டிப் புதிய ஆஸ்பத்திரியில் புதிதாகப் பதியுங்கள்.

வாக்காளர் பதிவைக் கடைசியில் வையுங்கள். இடாப்பு கிராம சேவகர் அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும், வீடு வீடாகப் பெயர் இருக்கும். தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் அடையாள அட்டை எண்ணைக் கொண்டு பதிவைப் பார்க்கலாம். அவருக்கு உங்கள் எண் மனப்பாடம் என்று முதலிலேயே சொன்னேன். வாக்குரிமையை விடச் சொல்லவில்லை. பாதுகாப்புக் கட்டளை கையில் வந்த பிறகு, ஆபத்தை எடைபோட்டு நீங்களே முடிவெடுங்கள்.

13. உங்கள் கதையைச் சுருக்குங்கள், பொய் சொல்லாதீர்கள்

புதிய பெயர், புதிய ஊர், செத்துப்போன கணவன் என்று கதை கட்டினால் பிள்ளை இரண்டாம் நாளே அதை உடைத்துவிடும். பேச்சு வேறு நம்மைக் காட்டிக்கொடுக்கும், கண்டியில் வாய் திறந்தாலே கிழக்கு ஆள் என்று தெரியும். மறைக்காதீர்கள். ‘மட்டக்களப்புப் பக்கம், வேலைக்கு வந்தேன்’ என்று நிறுத்துங்கள். ‘மட்டக்களப்பில் எங்கே?’ என்றால் ‘டவுணுக்குக் கிட்ட’. அதற்கு மேல் கேட்டால் அவர்களுடைய ஊரைப் பற்றிக் கேளுங்கள், ஆட்கள் தங்கள் ஊரைப் பற்றிப் பேச எப்போதும் தயார்.

முதலாளியிடம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். யாராவது போன் எடுத்து விசாரித்தால் அப்படி ஒருவர் இல்லை என்று சொல்லவும், கடையின் பொங்கல் படத்தில் உங்களைச் சேர்க்காமல் விடவும் அவருக்குக் காரணம் தெரிய வேண்டும்.

படம் அனுப்புவதில் கவனம். போன் எடுக்கும் படத்துக்குள் இடம் பதிந்திருக்கலாம். கமெரா அமைப்பில் அதை நிறுத்துங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விபரம் பெரும்பாலும் உதிர்ந்துவிடும், ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். அதைவிடப் படத்தின் பின்னணி மோசமானது: பள்ளிச் சீருடைப் பட்டை, கடைப் பலகை, பஸ் இலக்கம்.

14. திருவிழா, கல்யாணம், மரணவீடு

போய் நன்றாக ஒளிந்திருந்தவர்கள் பிடிபடுவது இங்கேதான். மாமாங்கத் தீர்த்தம் ஆடி அமாவாசையில் வரும், கொக்கட்டிச்சோலைத் தேர் வரும், ஊர்க் கோயில் திருக்கதவு திறக்கும். ‘கூட்டத்தில் யார் பார்ப்பார்’ என்று வருவீர்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்க்க வேண்டியதில்லை, அம்மாவின் பக்கத்தில் நின்றால் போதும். முதல் ஆண்டு எந்தத் திருவிழாவுக்கும் வராதீர்கள், நேர்த்தி இருந்தால் இருக்கும் ஊரில் உள்ள கோயிலில் முடியுங்கள். பெருநாளுக்கும் இதுதான்.

கல்யாணத்தைத் தவிர்க்கலாம். மரணவீட்டைத் தவிர்க்க மனம் இடம் கொடாது, அது அவருக்கும் தெரியும். ஆகவே அப்பாவோ அம்மாவோ கடுமையாக வருத்தம் என்று கேள்விப்படும் நாளிலேயே எட்டாம் படியில் தெரிவு செய்த நம்பிக்கையானவரோடு பேசி முடிவு செய்யுங்கள். போவதென்றால் தனியாகப் போகாதீர்கள், கட்டளைப் பிரதி கையில் இருக்கட்டும், அந்தப் பகுதிப் பொலிஸுக்கு முன்கூட்டிச் சொல்லுங்கள், பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள், வந்த வழியால் திரும்பாதீர்கள். பிரேதம் எடுக்கும் நேரத்துக்கு நிற்காமல் காலையிலேயே முகம் பார்த்துவிட்டு வருவது நல்லது. 31ஆம் நாள் சடங்கை நீங்கள் இருக்கும் இடத்தில் செய்துகொள்ளலாம்.

பிள்ளைகள் அம்மம்மாவோடு பேச அழுவார்கள். மறித்தால் களவாகப் பேசுவார்கள், அது இன்னும் மோசம். நடுவில் இருக்கும் அந்த ஒருவரின் வீட்டுக்கு அம்மம்மா வரும் நாளில், அவருடைய போனுக்கு, வெறும் சுவருக்கு முன்னால் இருந்து பேச விடுங்கள். அம்மம்மாவின் போனுக்கு நேரே எடுக்க வேண்டாம்.

15. கண்டுபிடித்துவிட்டால்

தெருவில் அவரைக் கண்டால் வீட்டுக்கு ஓடாதீர்கள், வீடு இன்னும் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆள் நிறைந்த கடையிலோ வங்கியிலோ நுழைந்து 119க்கு எடுங்கள். பாதுகாப்புக் கட்டளை இருக்கும்போது அவர் அதை மீறினால் அது தனிக் குற்றம், ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபா வரை தண்டம் அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆகவே கட்டளை முடிய ஒரு மாதம் இருக்கும்போதே சட்டத்தரணியிடம் போய் அடுத்ததற்கு வழி கேளுங்கள், முடிந்த பிறகு ஓடாதீர்கள்.

அதே நாளில், அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தேடுங்கள். ஒன்றாம் படியில் எழுதிய அந்தத் தாளை மனதில் மறுபடி விரித்து ஒவ்வொரு வழியாகப் பாருங்கள். வழி எது என்று தெரியாமல் அடுத்த ஊருக்குப் போனால் அதே வழியாகவே அங்கும் வருவார். பள்ளிக்கூடம் என்றால் பள்ளியை மாற்றுங்கள், சிம் என்றால் சிம்மை மாற்றுங்கள். நடுவில் நின்றவர்தான் சொன்னார் என்றால், அவரோடு சண்டை பிடிக்காமல் பேச்சை நிறுத்திவிட்டு, வேறு ஒருவரைத் தெரிவு செய்து எட்டாம் படியிலிருந்து தொடங்குங்கள்.